இஞ்சினில் உலர்ந்த துணிகள்

கையில் கடைசித் துணி. கொடியில் இடமில்லை. ஏற்கெனவே தொங்கியவற்றை ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளி, அந்த வெள்ளைத் துண்டுக்கு ஒரு சாண் இடம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மழை நின்றிருந்தது. முருங்கை மரம் மட்டும் தன் பங்குக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் விலகி, மஞ்சளாக ஒரு வெளிச்சம் புழக்கடைச் சுவரில் விழுந்தது. பல நாள் கழித்து என் நிழலை நான் பார்த்தேன்.

தெருப்பக்கம் ஜனங்கள் ஓடும் சத்தம் கேட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறார்கள். மாடு கத்துகிறது. ஏதோ பாத்திரம் உருள்கிறது. மழை விட்டதற்கு இந்த ஊரில் இவ்வளவு கொண்டாட்டமா என்று வியந்தேன். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது. துணியின் இரண்டு முனைகளையும் இழுத்துச் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

சற்று முன்புதான் கம்புகட்டி ஏழுமலை கத்திக்கொண்டே தெருவழியே ஓடியிருந்தார். ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு விடுகிறவருக்கு எங்கள் பக்கத்தில் கம்புகட்டி என்று பெயர். நல்ல உரத்த குரல் அவருக்கு. "உட்டுப்போச்சி! உட்டுப்போச்சி!" என்று அவர் கத்தியது, உள்ளே தணல் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. உலர்ந்தது, உலராதது என்று பார்க்காமல் குழந்தைத் துணி அத்தனையையும் வாரிக்கொண்டு புழக்கடைக்கு வந்துவிட்டேன்.

மேலே சொல்லுமுன், நான் எந்த ஊர் மழையில் வளர்ந்தவள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இதைப் படிக்கிறவர்கள், முக்கியமாக ஆவடிப் பக்கத்தில் இருந்து படிக்கிறவர்கள், என்னைப் படித்த முட்டாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் ஓரகத்தி கண்ணியம்மா அக்கா அப்படித்தான் முடிவு கட்டினாள்.

சொல்லிவிட்டு வரும் மழை

நான் பிறந்ததும் படித்ததும் பெங்களூரில். அப்பாவுக்குக் கண்டோன்மென்ட் என்கிற தண்டுப் பகுதியில் குமாஸ்தா உத்தியோகம். எங்கள் தெருவில் பாதிப்பேர் தமிழர்கள்.

அந்த ஊர் மழை சொல்லிவிட்டு வரும், சொல்லிவிட்டுப் போகும். சித்திரை வைகாசியில் பிற்பகல் இடியோடு வந்து, மாங்காயை நாலு உதிர்த்துவிட்டுப் போகும். ஆனி ஆடியில் நாள் முழுக்கச் சன்னமாய்த் தூறும். புரட்டாசியில் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் பிடித்துக்கொள்ளும். வீடு சேர்ந்து, பாவாடையைப் பிழிந்துவிட்டு, காப்பி குடித்து முடிக்கும்போது ஓய்ந்திருக்கும். "விட்டுப்போச்சு, விட்டுப்போச்சு" என்று கத்திக்கொண்டே எல்லாக் குழந்தைகளும் தெருவில் குதிப்போம். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றும் என் கால் வாசலுக்குப் போகும்.

ஆனால் வருஷத்தில் பாதிநாள் காற்றில் ஈரம். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பீரோவில் வைத்த பள்ளிக்கூடச் செருப்பில் பச்சையாய்ப் பூஞ்சை பூக்கும். தீப்பெட்டியை இடுப்பில் செருகிவைத்துச் சூடுபண்ணித்தான் உரசுவாள் அம்மா.

கைக்குழந்தை உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம். துணி தானாகக் காயாது, காய வைக்க வேண்டும். அதற்கு எல்லார் வீட்டிலும் ஒரு மூங்கில் கூடை இருந்தது. கண் கண்ணாக, இடைவெளி விட்டுப் பின்னியது. ஒரு சட்டியில் தணலைப் போட்டு, மேலே சாம்பல் தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் பரத்துவோம். தணல் சிவப்பாகத் தெரியக்கூடாது, துணி பழுத்துவிடும். அடிக்கடி திருப்ப வேண்டும். காய்ந்ததைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கைக்கு உலர்ந்ததாகத் தெரிவது கன்னத்துக்கு ஈரமாக இருக்கும். கடைசியில் உதறி, சூடு ஆறவிட்டுத்தான் குழந்தைக்குச் சுற்ற வேண்டும். என் தம்பிகளுக்கு நான் இந்த வேலையைச் செய்து வளர்ந்தவள். பாடத்தில் வாங்கிய மார்க்கைவிட இதில் எனக்குக் கர்வம் அதிகம்.

"வந்தா, நீ எங்கேன்னு கேக்கும்"

தை மாதம் கல்யாணமாகி நான் வந்து இறங்கிய ஊர் ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே, ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. யுத்தம் தொடங்குவதற்கு முன்பு நடந்த சங்கதி இது. இப்போது பட்டாள லாரிகள் ஓடுகிற இடமெல்லாம் அப்போது வயல்.

என் கணவர் பட்டணத்தில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தார். காலை வண்டிக்குப் போய் மாலை வண்டிக்கு வருவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவருடைய அண்ணனும் அண்ணி கண்ணியம்மாவும். அக்காவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அதற்குள் மகளை நூம்பலில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஒல்லி உடம்பு, பெரிய குரல். என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. "இந்தா, பெங்களூரு" என்றுதான் கூப்பிடுவாள்.

வந்த புதிதில் என்னை ஏரியைப் பார்க்க அழைத்துப் போனாள். வைகாசி வெயில். கரைமேல் ஏறிப் பார்த்தால் வெடித்த மண்ணும் நாலைந்து எருமைகளும்தான்.

"தண்ணீர் எங்கே அக்கா?" என்றேன்.

"வரும். வந்தா, நீ எங்கேன்னு அது கேக்கும்" என்றாள்.

இங்கே மழையை யாரும் நிறையப் பெய்தது, கொஞ்சம் பெய்தது என்று சொல்வதில்லை. மண்ணில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை வைத்து, ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்பார்கள். ஏர் இறங்கினால்தான் மழை. பெங்களூர்த் தூறல் இவர்கள் கணக்கில் சேர்த்தியே இல்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்கள் ஊர் சீதோஷ்ணம் வேற அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"சீதோசணமா? அது இன்னா, வவுத்து வலிக்குக் குடிக்கிறதா?"

"இல்லை அக்கா. வெயில், மழை, குளிர் எல்லாம் சேர்ந்து ஊருக்கு ஊர் எப்படி இருக்கும்ன்னு..."

"அதுக்கு ஒரு பேரு வேற வெச்சிகினு கீறீங்களா? உங்க ஊர்ல மயகூட பன்னீரு தெளிக்கிற மாதிரி தெளிக்குமாமே. பொண்ணு ஊட்டுக்காரங்க பழக்கம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூத்தவள். பேசாமல் இருந்துவிட்டேன். பேசியிருக்கலாமோ என்று இரவு வரை யோசித்தேன். எதையும் செய்யுமுன் ஒருமுறையும் செய்தபின் மூன்று முறையும் யோசிப்பது என் சுபாவம். அதனால் உண்டான லாபம் இதுவரை ஒன்றுமில்லை.

எட்டாம் மாதத்துப் பிள்ளை

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. புரட்டாசி கழியட்டும், நல்ல நாள் பார்த்து அனுப்புகிறோம் என்றார்கள். சரோஜா அதற்குள் பிறந்துவிட்டாள், எட்டாம் மாதத்திலேயே. என் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அடங்கிவிடுகிற உடம்பு. அழுதால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும்.

பூந்தமல்லியிலிருந்து ஒரு டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் எழுதவில்லை. "தாய்ப்பால் கொடு. ஈரம் படாமப் பார்த்துக்கோ. நெஞ்சில சளி கட்டினா இந்த உடம்பு தாங்காது. ரெண்டு மாசம் தாண்டிட்டா அப்புறம் பயமில்லே" என்றார். அவர் சொன்ன அந்த இரண்டு மாதம், சரியாக ஐப்பசியும் கார்த்திகையும்.

அம்மா பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். தம்பிக்கு ஜுரம் என்று தந்தி வந்ததால் அதிக நாள் தங்க முடியவில்லை. போகும்போது ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இந்த ஊர் சீதோஷ்ணம் இவளுக்கு ஆகாதுடி. மழை பிடிக்கிறதுக்குள்ள வந்துடு."

மழை முந்திக்கொண்டது. அந்த மழையை நான் எப்படி எழுதுவேன்? அது சொல்லிவிட்டு வரவில்லை. கடல் பக்கத்திலிருந்து கறுப்பாக எழும்பி வந்து, வீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. பகல் எது, சாயங்காலம் எது என்று தெரியவில்லை. இத்தனை பச்சைக் குழந்தையை ஈரக்காற்றில் ரயிலில் கொண்டுபோவதா, ஈரத்தரையில் இங்கேயே வைத்திருப்பதா? என் கணவர் ஒருநாள் "போகலாம்" என்பார். நான் "வேண்டாம்" என்பேன். மறுநாள் நான் "போகலாம்" என்பேன். அவர் வானத்தைப் பார்ப்பார்.

சுவரெல்லாம் வியர்த்தது. கொடியில் போட்ட துணி, போட்டபோது இருந்ததைவிட ஈரமாயிற்று. இது வருஷம் முழுக்க வெயில் காய்கிற ஊர், துணி காய வைக்கவென்று இவர்களுக்கு ஓர் ஏற்பாடும் கிடையாது. காயாவிட்டால் ஈரத்தோடு கட்டிக்கொள்வார்கள். நான் மீன் விற்கிறவளிடம் ஒரு பழைய கூடையைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் நாலுமுறை அலசி, தணல் போட்டு உட்கார்ந்தேன்.

கண்ணியம்மா அக்கா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னா பெங்களூரு, துணியெ வேக வெக்கிறியா? வெந்ததும் சொல்லு, சட்டினி அரைக்கிறேன்."

ஆனால் அடுத்த நாளிலிருந்து பரண்மேல் இருந்த காய்ந்த கொட்டாங்குச்சியை அவளே இறக்கி, தணலுக்காக என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். குழந்தைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது.

விட்டது எது?

இனிப் புழக்கடைக்குத் திரும்புகிறேன். கடைசித் துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தேன். அக்கா மாட்டுக்கொட்டகைப் பக்கமாக வந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தாள். மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்த கயிறு இன்னும் கையில் இருந்தது.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

"துணி காயப்போடறேன் அக்கா. அதான் விட்டுப்போச்சே."

அவள் என்னையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மய இல்லடி! ஏரி! ஏரி உட்டுப்போச்சி! தண்ணி தெரு முனைக்கு வந்துகினு கீது, நீ இன்னாடான்னா தோரணம் கட்டிகினு கீறியா?"

எங்கள் வீட்டில் மழைதான் விட்டுப்போகும். இந்தப் பக்கத்தில் மழை "நின்னுடும்". விட்டுப்போவது தையல், இல்லாவிட்டால் ஏரிக்கரை. பன்னிரண்டு வருஷம் தமிழ் படித்தும் இந்த ஒரு சொல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதற்குள் வானமும் என்னை ஏமாற்றிவிட்டது. மஞ்சள் வெளிச்சம் மறைந்து, அதே வேகத்தில் மழை திரும்பக் கொட்டியது. கொடியில் இருந்த அத்தனை துணியும் கண்முன்னே தொப்பலாயிற்று. பல நாள் தணலுக்குமுன் உட்கார்ந்து உலர்த்தி உலர்த்திச் சேர்த்தவை.

அழ நேரமில்லை. வேலியடியில் பழுப்பாக, சத்தமே இல்லாமல், வைக்கோலைச் சுமந்துகொண்டு தண்ணீர் நுழைந்தது. அக்கா உள்ளே ஓடித் தணல் சட்டியை உதைத்துத் தள்ளி, கூடையை நிமிர்த்தினாள். பெட்டியைத் திறந்து தன் கல்யாணக் கூறைப்புடவையை எடுத்தாள். அதை நாலாக மடித்து உள்ளே போட்டு, குழந்தையைக் கிடத்தி, கோணியை முக்காடாக மடித்து மேலே கவிழ்த்தாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். நான் ஈரத்துணிகளை மூட்டையாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

தெருவில் தண்ணீர் முழங்கால் வரை வந்திருந்தது. ஒரு கையால் கூடையையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, குழந்தைக்கு மூச்சு முட்டுமோ?"

"வாய மூடிகினு நட. கூடை முச்சூடும் ஓட்டை. இதுல மூச்சு முட்டுதாம்."

"அழவே இல்லையே அக்கா."

"நீ அழுவாத. அது போதும்."

தண்டவாள மேட்டில்

ஊரில் எல்லாரும் போகக்கூடிய மேடு ஒன்றுதான், ரயில் பாதை. நாங்கள் ஏறியபோது பாதி ஊர் அங்கே இருந்தது. ஆண்கள் பலர் உடைந்த கரைப்பக்கம் மண்மூட்டை போடப் போயிருந்தார்கள், அக்காவின் கணவர், என் மச்சாண்டாரும்தான். என் கணவர் பட்டணத்தில் மாட்டிக்கொண்டார்.

பாதையில் ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு சிறு பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, வடிந்தால்தான் வண்டி நகரும் என்றார்கள். எங்கே போகிற வண்டி என்று கேட்டேன். பெங்களூர் போகிற வண்டி.

மூன்றாம் வகுப்பில் ஓர் அம்மாள் கதவைத் திறந்து எங்களை ஏற்றிக்கொண்டாள். கனகாம்பரம் வைத்திருந்தாள், எங்கள் அம்மா வயது. கோணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தேன். கூறைப்புடவையை அது எப்போதோ நனைத்திருந்தது. கால் சில்லென்று இருந்தது. உதட்டோரம் லேசாக நீலம் பாய்ந்த மாதிரி தெரிந்தது. மங்கிய வெளிச்சத்தில் அப்படித் தெரிந்ததா, நிஜமாகவே நீலமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அந்த அம்மாள் ஒரு துவாலை தந்தாள். சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நனைந்தது. என் மடியில் ஒரு மூட்டை துணி இருந்தது, அதில் உலர்ந்தது ஒன்றுகூட இல்லை.

அப்போது வண்டியின் தலைப்பக்கத்தில், மேட்டின் சரிவிலிருந்த ஈரப்புல் சிவப்பாக மின்னுவதைப் பார்த்தேன். இஞ்சினில் நெருப்புக் கதவைத் திறந்து மூடுகிறார்கள். அவ்வளவு நெருப்பு அங்கே இருக்கிறது, நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த காரியங்களில் அது ஒன்று. குழந்தையை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு, மூட்டையோடு கீழே குதித்தேன். அக்கா என் பின்னாலேயே வந்தாள்.

"ஈரம் எனக்குத் தெரியும்"

இஞ்சின் வாசலில் முகமெல்லாம் கரியாக ஒருவர் நின்றார். கரி அள்ளிப் போடுகிறவர், பெரம்பூர்க்காரர். தாஸ் என்று பெயர். மூட்டையை நீட்டினேன்.

"அண்ணா, இதையெல்லாம் உள்ளே காயப்போட்டுத் தர முடியுமா?"

"இன்னாம்மா இது! இது இஞ்சினா, வண்ணாந்துறையா?"

அக்கா முன்னால் வந்தாள். "தா நைனா, எட்டாம் மாசத்துப் புள்ள. வெரலு வெரலா கீது. காயப்போட்டுக் குட்த்தா உன் இஞ்சின் இன்னா தேஞ்சா பூடும்? சும்மாத்தானே நிக்குது!"

உள்ளேயிருந்து ஆங்கிலோ-இந்திய டிரைவர் ஏதோ கேட்டார். தாஸ் அவருக்கு இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னார். உள்ளே ஒரு சிரிப்பு. "தொரை சரின்றாரு. குடு" என்று தாஸ் கை நீட்டினார்.

ஒரு துணியை எடுத்துச் சூடான குழாயின் மேலேயே போடப் போனார்.

"ஐயோ, அப்படி இல்லை! ஒட்டவிடாதீங்க, பழுத்துடும். தள்ளிக் கட்டி, திருப்பித் திருப்பிப் போடணும். காஞ்சதும் சூட்டோட குடுக்கக்கூடாது. நல்லா உதறி, ஆறவிட்டுத்தான் குடுக்கணும்."

தாஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருசமா கரி போட்டுகினு கீறேன். எனுக்கே நெருப்பப் பத்திப் பாடம் எடுக்கிறியாம்மா?"

"நெருப்பு உங்களுக்குத் தெரியும் அண்ணா. ஈரம் எனக்குத் தெரியும்."

அந்தப் பதில் என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

முதல் துணி வந்தது. கன்னத்தில் வைத்தேன். "இன்னும் காயலை அண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறை வந்தபோது அது பெங்களூரில் நான் காய வைத்த துணி மாதிரியே இருந்தது, உலர்ந்து, மொடமொடவென்று. அக்கா அதை மடிக்குள் மறைத்துக்கொண்டு ரயில் பெட்டிக்கு ஓடினாள். திரும்பி வந்து, "கால் சூடு ஆவுது" என்று மட்டும் சொன்னாள். நான் அங்கேயே ஜல்லிக் கற்கள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஒருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. ஊரில் அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் எல்லாவற்றின் துணியும் இஞ்சினுக்கு வந்துவிட்டது. "இன்னும் எத்தினி கொயந்தைங்க கீது இந்த ஊர்ல?" என்று தாஸ் அலுத்துக்கொண்டார். அதற்கு அக்கா சொன்ன பதிலை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. டிரைவருக்கு அதையும் மொழிபெயர்த்தார்கள் என்று நினைக்கிறேன். உள்ளே வெகுநேரம் சிரிப்பு.

முனியம்மா மட்டும் கிட்டே வரவில்லை. எங்கள் வயலில் நடவு நடுகிறவள். ஏரிக்கரைக்கு அப்பாலுள்ள குடிசைகளில் ஒன்று அவளுடையது. இடுப்பில் சரோஜாவைவிடக் கொஞ்சம் பெரிய குழந்தை. கையில் ஈரத்துணியைப் பிழிந்தபடி, சரிவில் தள்ளி நின்றாள். அவள் துணியும் எங்கள் துணியும் ஒரே கொடியில் காய்வது ஊரில் இல்லாத வழக்கம். நான் எழுந்து கை நீட்டினேன். நீட்டியவள் பாதியில் நிறுத்தி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த அரை நிமிஷத் தயக்கம் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

"அவள இன்னா பாக்கிற, என்ன இன்னா பாக்கிற? வாங்கிக் குடு. கொயந்தெ நடுங்குது பாரு" என்றாள் அக்கா.

காய்ந்து வந்தபோது எல்லாம் ஒரே குவியலாக வந்தது. எல்லாவற்றிலும் கரிவாசனை, எல்லாவற்றிலும் கறுப்புத் தீற்றல். எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அக்கா மேலாக இருந்த ஒன்றை எடுத்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சரோஜாவைச் சுற்றினாள். கரி குழந்தையின் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டது. "கண்ணு படாத மை வெச்சாப்ல கீது" என்றாள். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த இரவு அப்படித்தான் போயிற்று. துணி நனைவதும், இஞ்சினுக்குப் போவதும், திரும்பி வருவதுமாக.

வண்டி கிளம்பும்போது

காலையில் மழை நின்றது. பாலத்தின்மேல் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆண்கள் சேறும் சகதியுமாகக் கரையிலிருந்து திரும்பினார்கள். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். பயிர் போயிற்று. கரையோரக் குடிசைகள் பல இருந்த இடம் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் என் பெருமையை மட்டும் எழுதினால் அது நியாயமில்லை.

வண்டி புறப்படத் தயாரானது. கனகாம்பரம் வைத்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் அம்மா வீடு பெங்களூர்தானே? இறங்காதே. கார்டுகிட்ட நான் பேசறேன். இந்த ஊர் சீதோஷ்ணம் பச்சைக் குழந்தைக்கு ஆகுமா?"

அம்மா சொன்ன அதே வார்த்தைகள். வண்டி கண்முன்னே நிற்கிறது. நடுவில் இறங்கி மாற வேண்டியதுகூட இல்லை. அங்கே போனால் உலர்ந்த அறை, உலர்ந்த படுக்கை, அம்மாவின் கை. இங்கே வீட்டுக்குள் சேறு.

அக்காவைப் பார்த்தேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "போறதுன்னா போ. ஊடு கழுவி அடுப்பு பத்த பத்து நாளு ஆவும். கொயந்தெ பத்திரம். நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே கூடையின் விளிம்பை அவள் விடவில்லை.

சரோஜாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். கர்ரென்ற சத்தம் எதுவும் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். ஊரே முழுகிய ஒரு நாளைத் தாண்டி வந்திருக்கிறாள், ஒரு தும்மலும் இல்லாமல். எந்த ஊர் ஆகும், எந்த ஊர் ஆகாது என்று இத்தனை நாள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை உலர்வாக வைத்திருந்தது எந்த ஊர் வானமும் இல்லை. இந்த மேட்டில் நின்ற பெண்கள், அவர்களில் நானும் ஒருத்தி.

"இல்லேம்மா. நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இறங்கியதும் வழக்கப்படி பயம் வந்தது. ஆனால் இந்த முறை பயத்தோடு கூடவே வேலையும் ஞாபகம் வந்தது. முனியம்மாவின் கணவர் மண் சுமந்த இரும்புச் சட்டி கீழே கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு இஞ்சினிடம் ஓடினேன்.

"அண்ணா, கொஞ்சம் தணல்!"

"துணி போயி நெருப்பா? வுட்டா இஞ்சினயே கயட்டிகினு போவீங்க போலக்கீதே!" என்றார் தாஸ். ஆனால் சட்டி நிறைய அள்ளிப் போட்டு, மேலே சாம்பலையும் மூடிக் கொடுத்தார். ஊதல் ஊதி வண்டி நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை

குழந்தைக் கூடையோடு அக்கா முன்னால் நடந்தாள். ஈரக்கோணியால் சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். தெருவெல்லாம் சேறு. ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. தீக்குச்சிகள் ஊறிக் கூழாகியிருந்தன. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார்கள். ஆனால் ஒருத்தியும் வாய் திறந்து கேட்கவில்லை. எனக்குப் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது, அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஒரு வீட்டு நெருப்பை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அந்த வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்பது எங்கள் தெரு சம்பிரதாயம். கேட்பதும் பாவம்.

நான் என்ன செய்வது? கொடுத்தால் சம்பிரதாயம் தெரியாத பெங்களூர்க்காரி என்பார்கள். கொடுக்காவிட்டால் வீட்டுக்கு வீடு பட்டினி. அக்காவைப் பார்த்தேன்.

அவள் தெரு நடுவில் நின்றாள். தலையில் கூடை, கூடைக்குள் என் மகள்.

"இன்னாங்கடி பாத்துகினு கீறீங்க? இது ஊட்டு நெருப்பா? ரயிலு நெருப்புடி! ரயிலுக்கு ஏது வெள்ளிக்கெயமெ? எங்க பெங்களூரு வாங்கியாந்திருக்கா. கொட்டாங்குச்சி எட்த்துகினு வாங்க!"

வந்தார்கள். பரண்மேல் காய்ந்து கிடந்த கொட்டாங்குச்சிகளை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார்கள். நான் ஒவ்வொன்றிலும் ஒரு கங்கு வைத்தேன். குடிசைகள் போனவர்கள் சாவடியில் கஞ்சி காய்ச்சுவதற்காக முனியம்மா இரண்டு கங்கு எடுத்துக்கொண்டாள். கொடுக்கக் கொடுக்க, நமக்கு மிஞ்சுமா என்று உள்ளூர ஒரு கவலை. ஆனாலும் கை நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். அடியில் ஒன்றே ஒன்று இருந்தது. அக்கா அடுப்புச் சேற்றை வழித்துவிட்டு, தேங்காய்நார் வைத்தாள். நான் மண்டியிட்டு ஊதினேன். முதலில் புகைந்தது. இன்னும் கொஞ்சம் ஊதினேன். பற்றிக்கொண்டது.